சுழலாத சக்கரம் யாரையும் தூக்கிவிடாது



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயோ காபியோ போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு 'அருமை சார்' என்று கமெண்ட் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் இப்படித்தான் தலையாட்டினீர்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேத்தி முறை வரும் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று எழுதினாள். பொறியியல் இல்லை, இயற்பியல். கருந்துளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசையாம். அதற்கு வந்த பதில்கள் இரண்டே வகை. ஒன்று: "கருந்துளை எல்லாத்தையும் முழுங்கும், ஒன் காலத்தையும் சேர்த்து முழுங்கிரும்." இரண்டு: "நம்ம குலசையிலயே ராக்கெட் தளம் வருது. அதுக்கு ஏத்த படிப்பா படி, வேலை தானா தேடி வரும்."

பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டு பதிலும் தவறு, அதுவும் ஒரே காரணத்தால் தவறு என்பது என் கருத்து. அதைச் சொல்ல இயற்பியல் கொஞ்சம் பேச வேண்டும். கணக்கு போடச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

முதலில் கருந்துளை. அது எல்லாவற்றையும் விழுங்கும் என்பது பாதி உண்மை. சுழலாத கருந்துளைக்கு அது பொருந்தும். சுழலும் கருந்துளையின் மேல் ஓர் அலையை அனுப்பினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த அலை போனதை விடப் பெரிதாகித் திரும்பி வரும். ஆங்கிலத்தில் இதற்கு சூப்பர்ரேடியன்ஸ் என்று பெயர். நான் இங்கே 'சுழல் பெருக்கம்' என்றே எழுதுகிறேன்.

இது எப்படி நடக்கும்? தசரா சமயத்தில் நம் ஊரில் போடுகிற ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வைத்தது வேண்டாம், கையால் தள்ளிவிடுகிற சின்னக் குடை ராட்டினம். ஓரத்துக் கம்பியில் கை வைத்தபடி ஒரு பையன் கூடவே ஓடுகிறான். ராட்டினத்தை விட அவன் வேகமாக ஓடினால், அவன் அதைத் தள்ளுகிறான். அவனுக்கு மூச்சு வாங்கும், ராட்டினம் வேகமெடுக்கும். அவன் ராட்டினத்தை விட மெதுவாக ஓடினால், ராட்டினம் அவனை இழுத்துக்கொண்டு போகும். அவன் வேகமெடுப்பான், ராட்டினம் அந்த அளவுக்குச் சோரும். கையும் அதுதான், கம்பியும் அதுதான், இடையில் இருக்கும் உராய்வும் அதேதான். யார் கொடுப்பது, யார் பெறுவது என்பதை முடிவு செய்வது ஒன்றே ஒன்று: இரண்டு பேரில் யார் வேகம்.

இப்போது ராட்டினத்தின் இடத்தில் கருந்துளையை வையுங்கள். பையனின் இடத்தில் அலையை வையுங்கள். கருந்துளையைச் சுற்றி வரும் அலையின் முகடுகள், கருந்துளை சுழலும் வேகத்தை விட மெதுவாகச் சுற்றினால், கருந்துளை அலைக்குக் கொடுக்கிறது. வேகமாகச் சுற்றினால், அலையிடமிருந்து எடுக்கிறது. விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் கணிதம்.

இது எங்கோ வானத்தில் நடக்கும் விசித்திரம் என்று நினைத்தால், தோட்டத்துக் கிணற்றடியில் இருக்கும் மூன்று பேஸ் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் போய்ப் பாருங்கள். பலவற்றில் 1440 என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று. ஏன் சரியாக 1500 இல்லை? நமக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டாரில் அது உண்டாக்கும் காந்தப்புலம் நொடிக்கு 25 முறை, அதாவது நிமிடத்துக்கு 1500 முறை சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் ரோட்டார் அதை விடக் கொஞ்சம் பின்தங்கி 1440-இல் ஓடுகிறது. பின்தங்குவதால்தான் காந்தப்புலம் அதை இழுக்கிறது. கரண்ட் செலவாகிறது, தண்ணீர் வருகிறது.

கரண்ட் இணைப்பை அப்படியே விட்டுவிட்டு, வெளியிலிருந்து ஒரு விசை அந்த ரோட்டாரைப் பிடித்து 1500-க்கு மேல் சுழற்றினால் என்ன ஆகும்? ரோட்டார் காந்தப்புலத்தை முந்திவிடும். அந்த நொடியே எல்லாம் தலைகீழ். மின்சாரம் உள்ளே வருவது போய், வெளியே போக ஆரம்பிக்கும். கம்பியில் எதையும் மாற்றவில்லை, மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிட்டது. நம் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் பார்க்கிற பழைய காற்றாலைகளில் பல இந்த இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் வகைதான். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் நம் தூத்துக்குடிப் பக்கம் வந்தது என்பதும் நினைவிருக்கட்டும். காற்று ரோட்டாரை 1500-க்கு மேல் தள்ளும்போது மின்வாரியத்துக்குக் கரண்ட் போகும். தள்ளாதபோது கழற்றி விடாவிட்டால், காற்றாலையே கரண்ட்டைக் குடிக்கும்.

1971-இல் மாஸ்கோவில் யாக்கவ் ஸெல்டோவிச் என்ற இயற்பியலாளர், சுழலும் உலோக உருளையின் மேல் அலை மோதினால் என்ன ஆகும் என்று யோசித்தார். அவர் கண்ட நிபந்தனை இது: சுற்றிலும் உள்ள முகடுகளின் எண்ணிக்கையை உருளை சுழலும் வேகத்தால் பெருக்குங்கள். வருகிற விடையை விட அலையின் அதிர்வெண் குறைவாக இருந்தால், அலை பெருகும். நம் மோட்டாருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நான்கு துருவம் என்றால் சுற்றிலும் இரண்டு முகடு. அதிர்வெண் 50. இரண்டால் பெருக்கி 50-ஐத் தாண்ட வேண்டுமானால் ரோட்டார் நொடிக்கு 25-க்கு மேல் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 1500! கருந்துளைக்கு அவர் எழுதிய நிபந்தனையும் கயத்தாறு காற்றாலையின் நிபந்தனையும் ஒன்றேதான். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இயற்பியலில் இதைப் போல மனசுக்கு நிறைவு தருகிற இடங்கள் அதிகம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடற்கரைக்காரர்கள் அல்லவா நாம். நிலா பூமியைச் சுற்ற 27 நாளுக்கு மேல் ஆகிறது. பூமி தன்னைத்தானே ஒரே நாளில் சுற்றிவிடுகிறது. நிலா கடலில் எழுப்பும் ஓதத்தின் வீக்கத்தை, வேகமாகச் சுழலும் பூமி நிலாவுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்த வீக்கம் நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. விளைவு, நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது. அப்போலோ பயணிகள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளந்தது இது. பதிலுக்குப் பூமியின் நாள், நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிநொடி நீள்கிறது. செவ்வாயின் துணைக்கோள் ஃபோபோஸுக்கு நேர் எதிரான கதை. செவ்வாய் ஒரு முறை சுழல 24 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஃபோபோஸ் எட்டு மணி நேரத்துக்குள் அதைச் சுற்றி வந்துவிடுகிறது. இங்கே துணைக்கோள்தான் வேகம். அதனால் அது கொடுக்கிறது, கொடுத்துக் கொடுத்து செவ்வாயை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ராட்டினமும் பையனும் கதைதான் இதுவும்.

சரி, கருந்துளைக்கு வருவோம். சுழலும் கருந்துளைக்கான சமன்பாட்டை 1963-இல் நியூசிலாந்துக்காரர் ராய் கெர் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துக்கொண்டு சுழல்கிறது. நிகழ்வு எல்லைக்குச் சற்று வெளியே ஒரு பகுதி உண்டு. அங்கே எதுவும் அசையாமல் நிற்க முடியாது, கூடவே சுழன்றுதான் ஆக வேண்டும். அந்தப் பகுதிக்குள் போன ஒரு பொருள் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு கடன் சீட்டோடு உள்ளே விழுந்தால், மறு துண்டு போனதை விட அதிக ஆற்றலோடு வெளியே வர முடியும் என்று 1969-இல் ரோஜர் பென்ரோஸ் காட்டினார். 2020-இல் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தான். பொருளுக்குப் பென்ரோஸ் காட்டியதை அலைக்குச் செய்தால் சுழல் பெருக்கம். 1972-இல் பிரஸ், டியூகோல்ஸ்கி என்ற இருவரும் 1973-இல் ஸ்டாரோபின்ஸ்கியும் கணக்குகளை விரித்தார்கள்.

எவ்வளவு பெருகும்? கருந்துளை சுழலக்கூடிய உச்ச வேகத்தில் சுழன்றால், ஒளி போன்ற மின்காந்த அலைக்கு அதிகபட்சம் 4.4 சதவீதம். ஈர்ப்பு அலைக்கு 138 சதவீதம். அதாவது நூறு ரூபாய் அனுப்பினால் 238 ரூபாய் திரும்பி வரும்.

இங்கே நிறுத்திக்கொண்டால் நானும் யூடியூப்பில் 'இலவச மின்சாரம்' காட்டுகிறவர்களும் ஒன்றாகிவிடுவோம். மாதத்துக்கு ஒருவராவது எனக்கு அப்படி ஒரு வீடியோ அனுப்புகிறீர்கள். காந்தம் ஒட்டிய சக்கரம் தானாகச் சுற்றி, வீடு முழுக்க விளக்கு எரிகிறது. அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் கணக்கில்? கருந்துளையிலும் அந்தக் கேள்விக்குத் துல்லியமான பதில் உண்டு. கூடுதலாக வந்த 138 ரூபாய், கருந்துளையின் சுழற்சியிலிருந்து எடுத்தது. அலை ஒவ்வொரு முறை பெருகித் திரும்பும்போதும் கருந்துளையின் சுழற்சி அந்த அளவுக்குக் குறைகிறது. உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையிலிருந்து, அதன் மொத்த நிறையில் 29 சதவீதம் வரைதான் இப்படி எடுக்கலாம். அதற்குப் பிறகு அது சுழலாத கருந்துளை. பிறகு விழுங்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது.

இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். பதிவின் பின்பாதிக்கு அதுதான் வேண்டும்.

இந்த ஆராய்ச்சியில் நம் ஆட்களுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். நிறையவே உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்ரமணியன் சந்திரசேகரை வெள்ளைக் குறுமீனின் நிறை வரம்புக்காகத் தெரியும். அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் கருந்துளைக்குள் இறங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. எலக்ட்ரானுக்கான டிராக் சமன்பாட்டைச் சுழலும் கருந்துளையின் பின்னணியில் பிரித்துத் தீர்க்கும் வழியை 1976-இல் கொடுத்தார். 1983-இல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். சுழல் பெருக்கமும் அதில் விரிவாக வருகிறது. நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

அவர் திறந்த வழியில் போய், 1978-இல் பாலா ஐயர், அரவிந்த் குமார் என்ற இரண்டு இந்தியர்கள் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். எலக்ட்ரான் போன்ற நிறையுள்ள துகள்களின் அலைக்கு இந்தப் பெருக்கம் கிடையாது என்று அதில் காட்டினார்கள். காரணம், ஒரு நிலையில் ஓர் எலக்ட்ரான்தான் உட்கார முடியும். ஏற்கெனவே ஆள் இருக்கிற இருக்கையில் இன்னொருவரை ஏற்ற முடியாது, அப்புறம் எங்கே பெருக்குவது? இதை வைத்துக்கொண்டு 'சில பிள்ளைகளும் எலக்ட்ரான் மாதிரிதான் சார், எங்க விட்டாலும் தேறாது' என்று எவனாவது கமெண்ட் போட்டால் அழித்துவிடுவேன். உவமைக்கு ஓர் எல்லை உண்டு.

அடுத்து பெங்களூர்க்காரர் சி. வி. விஸ்வேஸ்வரா. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, சுழலாத கருந்துளையின் மேல் அலையை அனுப்பினால் திரும்பி வருவது என்ன என்று கணினியில் போட்டுப் பார்த்தார். தட்டிவிட்ட வெண்கல மணி போல, கருந்துளை தனக்கே உரிய அதிர்வெண்ணில் ஒலித்து அடங்குவதைக் கண்டார். கட்டுரை வந்தது 1970-இல். 'இது எதற்கு உதவும்?' என்று அன்று யாராவது கேட்டிருந்தால், உடனே சொல்ல ஒரு பதிலும் இருந்திருக்காது. 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி, இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான ஈர்ப்பு அலையை லைகோ கருவிகள் பிடித்தன. அதன் கடைசித் துளியில் இருந்தது இந்த மணியோசை. இடையில் 45 ஆண்டுகள். விஸ்வேஸ்வரா அதைப் பார்த்துவிட்டுத்தான் 2017 ஜனவரியில் காலமானார்.

சுழல் பெருக்கத்துக்கும் அதே காத்திருப்புதான். 2017-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சில்கே வைன்ஃபர்ட்னரின் குழு ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நடுவில் ஓட்டை வழியே சுழித்து வடிய விட்டது. அந்தச் சுழியின் மேல் அலை அனுப்பினார்கள். நம் வீட்டுத் தொட்டியில் அடைப்பைப் பிடுங்கினால் வருகிற அதே சுழிதான். அலை ஏறத்தாழ 14 சதவீதம் பெருகித் திரும்பியது. 2020-இல் கிளாஸ்கோவில், சுழலும் பஞ்சுத் தட்டின் வழியே ஒலியைச் செலுத்தினார்கள். பஞ்சு ஒலியைக் குடிக்கும் பொருள். வேகமாகச் சுழன்றபோது அதே பஞ்சு ஒலியை 30 சதவீதம் வரை கூட்டிக் கொடுத்தது. 2024-இல் அலுமினிய உருளையைச் சுழற்றி மின்காந்தப் புலத்துக்கும் செய்து காட்டிவிட்டார்கள். ஸெல்டோவிச் சொல்லி 53 ஆண்டுக்குப் பிறகு. உண்மையான கருந்துளையில் இதை இன்னும் நேரடியாகப் பார்க்கவில்லை. ஆனால் மிக இலேசான, இதுவரை யாரும் காணாத சில துகள்கள் இருந்தால், அவை இந்தப் பெருக்கத்தால் கருந்துளையைச் சுற்றி மேகமாகத் திரண்டு அதன் சுழற்சியைக் குறைத்துவிடும். அதனால் கருந்துளைகள் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்று அளந்தாலே, அந்தத் துகள்கள் உண்டா இல்லையா என்று தேட முடியும். தேடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

இப்போது குலசைக்கு வருகிறேன்.

2024 பிப்ரவரி 28-இல் நம் ஊரில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமையிலும் விவரம் சரியாக இருக்க வேண்டும். 'குலசை பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால் பூமியின் சுழற்சி ராக்கெட்டைத் தூக்கிவிடும்' என்று எல்லாரும் பகிர்கிறீர்கள். கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்கு உதவும், அது உண்மை. அதுவும் சுழல்கிற பொருளிடம் வாங்குகிற கடன்தான். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவில் அந்த உதவி நொடிக்குச் சுமார் 452 மீட்டர், குலசையில் சுமார் 460 மீட்டர். வித்தியாசம் அற்பம். குலசையின் உண்மையான நன்மை வேறு. துருவப் பாதைக்குத் தெற்கே ஏவும்போது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏவுதளம் பக்கத்தில் இருப்பதாலேயே நம் பிள்ளைகள் தூக்கிவிடப்படுவார்கள் என்பதும் இதே வகை நம்பிக்கைதான். பக்கத்தில் இருப்பது வேறு, பெருக்கிவிடுவது வேறு. எவ்வளவு பெரிய கருந்துளையாக இருந்தாலும் சுழலாவிட்டால் பக்கத்தில் வந்த அலையை விழுங்கும், அவ்வளவுதான். நம் ஊரில் இப்போது எது சுழல்கிறது?

பள்ளிகளைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடங்களிலும், ஓய்வுக்குப் பிறகு பேசப் போன இடங்களிலும் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பள்ளியை மட்டும் குறை சொல்லும் விஷயமும் இல்லை. ஆய்வகம் இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின சில வாரம் பூட்டு திறக்கும். பிள்ளைகள் ரீடிங்கை முன்னாலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். மீதி நாளெல்லாம் அது பழைய பெஞ்சு போட்டுவைக்கும் அறை. ஆசிரியர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. பாதிப் பேர் பதிவேடுகளிலும் கூட்டங்களிலும் கழிகிறார்கள், மீதி நேரம் தேர்வு மதிப்பெண்ணின் பின்னால். அவர்கள் சுழலவில்லை என்று சொல்ல மாட்டேன். வேறு எதையோ சுற்ற வைக்க அவர்களின் சுழற்சி போய்விடுகிறது.

அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்கு, ஏவுதளத்தின் மதில் தெரியும். உள்ளே போக வழி தெரியாது. நாளைக்கு அங்கே பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் திறமை பார்த்துத் தேர்வு செய்யப்பட்டு இந்தியா முழுவதிலுமிருந்து வருவார்கள், வரத்தான் வேண்டும். நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றால், மதிலுக்குப் பக்கத்து ஊர் என்ற தகுதி மட்டும் போதாது.

அடுத்து அந்தப் பெண்ணின் விஷயம். 'இயற்பியல் படித்தால் குலசையில் வேலை கிடைக்குமா?' என்று நேராகக் கேட்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். கிடைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. ஏரோநாட்டிக்ஸ் படித்தாலும் உறுதி தர முடியாது. சம்பளத்துக்காகக் காத்திருக்க முடியாத வீடுகள் உண்டு. உப்பளத்திலும் கடலிலும் பனங்காட்டிலும் உழைத்துப் படிக்க வைக்கிற அப்பா அம்மா, 'நாலு வருஷத்தில் ஒரு வேலை' என்று கணக்குப் போடுவதை நான் ஒருநாளும் ஏளனமாகப் பார்த்ததில்லை. அந்தக் கணக்கு நியாயமானது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை டிப்ளமோவோ பொறியியலோ படித்து முதலில் வீட்டை நிமிர்த்தட்டும், தவறே இல்லை.

ஆனால் இந்தப் பெண்ணின் வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. இருப்பது பயம் மட்டும்தான். அந்தப் பயத்துக்குச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் திருவனந்தபுரத்தில் ஐசர் இருக்கிறது, விண்வெளிப் படிப்புக்கென்றே ஐஐஎஸ்டி இருக்கிறது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனமும் சென்னை கணிதக் கழகமும் இருக்கின்றன. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா வரப்போகிறது, 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தாகிவிட்டது. அங்கே கருந்துளைக் கணக்குப் போடுகிறவர்களும் வேண்டும், கிலோமீட்டர் கணக்கில் வெற்றிடக் குழாய் அமைக்கிறவர்களும் வேண்டும், லேசர் தெரிந்தவர்களும் வேண்டும். 'அடிப்படை அறிவியல், பயன்படு அறிவியல்' என்று நாம் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோம். கயத்தாறு காற்றாலையும் கருந்துளையும் ஒரே நிபந்தனையில் ஓடும்போது, அந்தக் கோடு எங்கே இருக்கிறது?

அவள் போகட்டும் என்பதே என் கருத்து. விஸ்வேஸ்வராவுக்கு 45 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, இவளுக்கும் காத்திருக்க வேண்டிவரலாம். அந்தக் காத்திருப்பில் ஒரு நாடு சம்பாதிப்பது என்ன என்று கேட்டால், 'யார் கணக்கில்?' என்று கேட்கத் தெரிந்த மனிதர்களைச் சம்பாதிக்கிறது. இலவச மின்சார வீடியோவுக்கும் இரட்டிப்புப் பணத் திட்டத்துக்கும் ஏமாறாத மனிதர்கள். நம் பக்கத்தில் அப்படி ஏமாந்து நகையை இழந்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

யார் கணக்கில் என்ற கேள்வியை என்னிடமும் கேளுங்கள். ஒரு பிள்ளை போனதை விடப் பெரிதாகித் திரும்பி வந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஒரு ஆசிரியரின் மாலை நேரத்திலிருந்து, ஒரு அம்மாவின் தூக்கத்திலிருந்து, வரிப்பணத்திலிருந்து, பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய தொகையிலிருந்து. செலவில்லாமல் பெருக்கம் இல்லை. 'ஊருக்குத் தளம் வந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும்' என்று நாம் கையைக் கட்டிக்கொண்டால், சுழற்சி தீர்ந்த கருந்துளையின் கதைதான் நமக்கும்.

அதனால் வாழ்த்தும் லைக்கும் வேண்டாம், இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள், நீங்கள் படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாள் மாலை ஆய்வகம் திறந்திருக்க என்ன வேண்டும் என்று கேளுங்கள். உடைந்த மீட்டரை மாற்றுவதா, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆளா, பிள்ளைகள் வீடு திரும்பப் பஸ் வசதியா? அதைச் செய்யுங்கள். குலசை, உடன்குடி, மணப்பாடு சுற்றுவட்டத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வாரம் ஒரு மாலை வருகிறேன். முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் செய்கிறது, ஆட்டோவில் வந்துவிடுவேன்.

இரண்டு. வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு அலுமினியத் தட்டு, ஒரு சட்டக் காந்தம், கொஞ்சம் நூல், ஒரு கண்ணாடித் தகடு. கையால் சுழற்றக்கூடிய மரச்சக்கரம் ஒன்றின் மேல் தட்டைப் பொருத்துங்கள். இரும்பு ஆணி பக்கத்தில் இருக்கக் கூடாது. தட்டுக்கு மேலே, தொடாமல், காந்தத்தைப் படுக்கைவாட்டில் நூலில் தொங்க விடுங்கள். தட்டை வேகமாகச் சுழற்றுங்கள். அலுமினியத்தைக் காந்தம் ஒட்டாது, ஆனாலும் தட்டு சுழலும் திசையில் காந்தம் திரும்பும். நல்ல வேகம் வந்தால் கூடவே சுற்ற ஆரம்பிக்கும். அராகோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824-இல் கண்டது இது. ராட்டினமும் பையனும் இதுதான், கயத்தாறு காற்றாலையும் இதுதான், கருந்துளையின் சுழல் பெருக்கத்துக்கும் அடிப்படை இதே கணக்குதான். கண்ணாடித் தகடு எதற்கு என்றால், 'தட்டு கிளப்பின காத்துதான் காந்தத்தைச் சுத்திச்சு' என்று உங்கள் பிள்ளை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியை வைத்து, மறுபடியும் சுழற்றிக் காட்டுங்கள்.

பிள்ளை அப்படிச் சொல்லவில்லை என்றால், சொல்லும் வரை காத்திருங்கள். கண்ணாடியை நீங்களாக முதலிலேயே வைத்துவிடாதீர்கள்.

செய்து பார்த்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். காந்தம் திரும்பவில்லை என்றாலும் எழுதுங்கள், ஏன் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்
குலசேகரன்பட்டினம்